கடைசல் மிஷினுக்குப் பூட்டு

கிள்ளான்,
வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்குத் தாமரை எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். பிந்துலுவில் மழை விடவே இல்லை என்றீர்கள். நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதீர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதைத் தவிர நான் என்ன பேச முடியும்? உங்கள் கூட்டாளி தனேஷ் நாளை அங்கே திரும்புகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறது. ஸ்கேனில் காலை ஆட்டியது. ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது என்று டாக்டரம்மாவுக்கே சந்தோஷம்.

என் கடைசல் மிஷின் இருக்கும் கொல்லைப்புறக் கொட்டகைக்கு அத்தை பூட்டுப் போட்டுவிட்டார். "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கக்கூடாது, மரத்த அறுக்கக்கூடாது, பந்தாங் லா" என்கிறார். எதிர்வீட்டுச் சீன ஆன்டி இது ஆகாது என்று ஒரு பந்தாங் சொன்னால், பக்கத்து வீட்டு மலாய் அக்கா இன்னொன்று சொல்கிறார். எல்லாருடைய பந்தாங்கையும் சேர்த்து நம் வீட்டில்தான் கடைப்பிடிக்கிறோம்.

உள்ளே என் கிண்ணம் மிஷினில் மாட்டியபடியே நிற்கிறது. ரம்புத்தான் கட்டையையும் மெர்பாவ் கட்டையையும் ஒட்டிக் கடைந்தது. நடுவில் பள்ளமாகக் காடி வெட்டி, நீலப் பாலிமர் களிமண்ணை வளையமாக அமுக்கி, கிண்ணத்தோடு ஓவனில் சுட்டு இறுக்கியிருந்தேன். நம் ஊர் ஈரத்துக்கு மரம் ஊதும், சுருங்கும். அந்தக் களிமண் அசையாது. சமமாகக் கடைந்து எண்ணெய் பூசாவிட்டால் வளையத்தைச் சுற்றி விரிசல் விட்டுவிடும். ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

களிமண்ணை மட்டும் அத்தை கையில் கொடுத்திருக்கிறார், அதில் சத்தம் வராதாம். மரம் இல்லாமல் அதை எதில் பதிப்பது? உருட்டுகிறேன், கலைக்கிறேன், மறுபடியும் உருட்டுகிறேன். லிட்டில் இந்தியா கடைத்தெரு வரை நடந்துவிட்டு வரவா என்றால் வெயில் என்கிறார். மழை பெய்து ஓய்ந்ததும் கேட்டால் வழுக்கும் என்கிறார். வாசல் கிரில் கதவின் சாவி அவர் இடுப்பில். மூச்சு முட்டுகிறது அத்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், எனக்குப் போட்ட பிறகுதான் அவர் சாப்பிடுகிறார்.

போன வாரம் வாசு மாமா குடும்பம் வந்திருந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது அத்தை அவர்களிடம், "மொதப் புள்ளய அந்த மிஷின்கிட்டயே விட்டுட்டா" என்றார். தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய் அழுதேன்.

முதல் கரு கலைந்த அன்று டாக்டர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கரு சரியாக உருவாகவில்லை, யார் மேலும் தப்பில்லை என்றார். அந்த அறையில் நீங்களும் நானும்தான் இருந்தோம். உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லிக்கொள்வதாகக் காரில் சொன்னீர்கள். இன்றுவரை சொல்லவில்லை.

மரத்தூசி ஆகாது என்று இந்த டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். பிரசவம் ஆகும்வரை நான் மிஷினைத் தொடப்போவதில்லை. பூட்டு இருக்கட்டும், கிண்ணம் வெடித்தால் வெடிக்கட்டும். நீங்கள் அதைச் சொல்ல மறந்துபோயிருந்தால் எனக்குக் கோபம் இல்லை. நீங்களும் என் மேல்தான் தப்பு என்று நினைக்கிறீர்களோ என்றுதான் பயம். அந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அங்கே நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொல்லிவிடுங்கள் அத்தான். என் காதில் விழும்படி சொல்லுங்கள்.

உங்கள்
தாமரை