வெறும் சட்டி

ஆண்டிமடம்,
ஐப்பசி கடைசி வெள்ளி.

மாப்பிள்ளை அறிவரசனுக்கு மாமனார் வீரமுத்து எழுதுவது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் என் மகள் வளர்மதி மயக்கத்தில் கிடந்தபோது, மூன்றாம் மாதத்தில் கலைந்த பிள்ளையை உங்கள் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, என் கையில் வெறும் சட்டியைக் கொடுத்தீர்கள். ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத்தான் ஆய்வகத்துக்குக் கொடுத்தேன் என்கிறீர்கள். அவளைக் கேட்டீர்களா?

பிறக்காத பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது தெரிந்துதான் சட்டியின் வாயை மஞ்சள் துணியால் கட்டினீர்கள். நானும் பிரிக்காமல் முந்திரித் தோப்பில் புதைத்தேன். கனமே இல்லையே என்று தோன்றியது. அத்தனை சின்னதற்கு என்ன கனம் இருக்கும் என்று மண்ணைத் தள்ளினேன்.

போன வாரம் போனில் உண்மையைச் சொன்னீர்கள், ஏதோ நல்ல செய்தி போல. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் நீங்கள் அனுப்பிய கட்டுரையை அகராதி வைத்துப் படித்தேன். சிறுநீரகத்தின் தலையில் உட்காரும் அட்ரீனல் சுரப்பி, கருவில் சிறுநீரகம் அளவுக்கே பெரிதாக இருக்குமாம். அதன் செல்கள் விளிம்பில் பிறந்து, உள்ளே நகர்ந்து, பருத்து, நடுவில் போய்ச் சாகுமாம். அதுவரை புரிந்தது. நம் பிள்ளையின் அந்தச் செல்கள் உங்கள் கண்ணாடித் தட்டில் இன்னும் பெருகுகின்றன என்றீர்களே, அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. செத்ததற்குச் சடங்கு உண்டு. பிறந்ததற்கும் உண்டு.

வளர்மதியிடம் நான் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. செவ்வாயன்று சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏம்ப்பா, அது இன்னும் வளருதுல்ல என்று கேட்டாள். யாரும்மா சொன்னது என்றேன். எனக்கு யாரு வந்து சொல்லணும் என்று சிரித்தாள். இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுகிறாள். புத்தி பேதலிச்சுப் போச்சு, செட்டிகுளம் முருகன்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்கிறாள் உங்கள் அத்தை.

மழை பெய்தால் புதைகுழி உள்வாங்கும். அந்தக் குழி மேடேறியிருக்கிறது. கறையான் என்கிறாள் அத்தை. எனக்குக் கறையானைத் தெரியும்.

இனிச் செய்ய வேண்டியது. தட்டை நீங்களே எடுக்க வேண்டும், ஆளை அனுப்பக் கூடாது. அரியலூர் ஸ்டேஷன் வரை மடியில் வைத்துக் கொண்டு வர வேண்டும். குழியை நான் தோண்டுவேன். அத்தை பால் ஊற்றுவாள். முதல் பிடி மண்ணை வளர்மதி போட வேண்டும். அவள் மண் பிடித்த கையைத் திறக்க மாட்டேன் என்றால், புதைக்க வேண்டாம்; பிறந்ததாக எண்ணி அதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். அதை நீங்கள் வைக்க வேண்டும்.

பத்திரமாக வாருங்கள். மடி ஆடாமல் வாருங்கள்.

வீரமுத்து