எக்ஸ்ரேக்கு நின்றது நீ இல்லை, அண்ணா

என் முரட்டு அண்ணன் ஏகாம்பரத்துக்கு,

எங்களை விட்டு நீ செத்துப்போன கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று எட்டு மாதம் பொறுத்தேன். ஆறவில்லை.

நேற்று கோதண்டம் வந்தார். உன்னோடு ஒரே ஷிப்டில் கூண்டு லிப்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி, பாறையில் துளை போட்டவர். அண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல் என்னை வாசலில் நிறுத்திக்கொண்டு அழுதார்.

“ரெண்டு வருசமா கம்பெனி எக்ஸ்ரேக்கு அவன் போவல தங்கச்சி. அவன் பேரச் சொல்லி நான்தான் போயி நின்னேன். இருமல் தெரிஞ்சா சுரங்கத்துக்கு மேல வேலைக்குத் தள்ளிடுவாங்க, கூலி கொறஞ்சிடும்னு கெஞ்சினான்.”

இன்னா அண்ணா இது? ஆஸ்பத்திரி லேபில் சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டருக்குக் கண்ணாடியில் வைத்துக் கொடுப்பவள் நான். என்னிடமே, “படம் சுத்தமா கீதாம், இது பீடி இருமல்” என்று சிரித்தாயே! வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்றாயே! நுரையீரலுக்குள் போன கல்தூசி வெல்லத்துக்கு இறங்குமா?

நீ காதில் வாங்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். கொலாஜன் என்று ஒரு புரதம். உடம்பின் உயிரணுக்களுக்கு நடுவே நார்நாராக ஓடி, அவற்றைத் தாங்கி நிற்பது. தூசி குத்திய இடத்தையெல்லாம் புண்ணென்று எண்ணி, உன் உடம்பு அந்த நாரை மேலும் மேலும் போட்டு அடைத்தது. விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தழும்பாய் இறுகிவிட்டது. முதல் வருஷமே மேலே வந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாயா? டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீ போன மூன்றாம் மாதம் உனக்கு மகள் பிறந்தாள். அண்ணி வயிற்றில் அவளுடைய எலும்பையும் தோலையும் உருவாக்கியதில் அதே கொலாஜனுக்குப் பெரிய பங்கு. அங்கே எவ்வளவு போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. போன வாரம் குப்புறக் கவிழ்ந்துவிட்டாள். அண்ணி கைதட்டிச் சிரித்தார். பார்க்க நீ இல்லை.

கோதண்டம் பேசும்போதே இரண்டு முறை வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

“உங்க படம் எப்போ?”

“திங்கக்கிழமை. எனக்குப் பதிலா வேற ஆள் ஒருத்தன் நிக்கிறேன்னு சொல்லிக்கீறான்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். “உங்க பொண்டாட்டிக்குத் தெரியுமா?” என்றேன். “சொல்லிடாத தங்கச்சி” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்தாவது அவரைக் கூட்டிப் போவேன். தன் பெயரைத் தானே சொல்லி, சட்டையைக் கழற்றி அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும்வரை எக்ஸ்ரே அறைக் கதவை விட்டு நகரமாட்டேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
சரோஜா
ஆண்டர்சன்பேட்டை