பாவாடையில் ஓர் உள்பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது.

இங்கே நோட்டைக் கண்டால் தேளைக் கண்டதுபோல் ஒதுங்குகிறார்கள். மருந்துக்கடை, பால் பூத், பஸ், எங்கும் போன்தான். கறுப்புப் பணத்தை ஒழிக்க நோட்டையே செல்லாதாக்கிவிட்டார்களாம், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. பதுக்கினவன் சொகுசாகத்தான் இருக்கிறான், அகப்பட்டது நாங்கள். பேங்க் கணக்கு அப்பா போன் எண்ணில் இருப்பதால் நான் ஒரு கட்டு கீரை வாங்கினாலும் அவர் சட்டைப்பை 'டிங்' என்கிறது, வீடு வந்து சேருவதற்குள் என்னடி வாங்கினே என்கிறார். பாவம், கெட்ட எண்ணமில்லை, புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி. ஆனாலும் நான் தைத்துச் சம்பாதித்த காசுக்கு நானே பதில் சொல்வதென்றால் பற்றிக்கொண்டு வருகிறது. என்னிடம் தைக்கக் கொடுக்கிற பெண்களுக்குக் கேட்காமலே பாவாடையில் ஓர் உள்பை வைத்துத் தருவேனே, அதற்குக் கூலிகூட வாங்கமாட்டேன், இப்போது அது எதுக்குக்கா என்கிறார்கள். தெருக்கோடி வெல்டரின் மனைவியை நினைவிருக்கிறதா, உடைந்த பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாளே, அவள் அந்தப் பையில்தான் வருஷக்கணக்காகச் சேர்த்தாள், அடி தாங்காமல் அக்கா வீட்டுக்கே போய்விடலாம் என்று. போன வாரம் பஸ் ஏறியும்விட்டாள். கண்டக்டர் நோட்டை வாங்கவில்லை, போன் இல்லாட்டி இறங்கும்மா, என் வேலை போயிடும் என்றாராம். அவள் போனில் கட்டினால் 'டிங்' என்பது அவள் புருஷன் சட்டைப்பையில். இறங்கி நேரே என் தையல் கடைக்கு வந்தாள். அழவில்லை. இது காசே இல்லையாக்கா என்று மட்டும் கேட்டாள். திட்டம் போட்ட மகராசன்கள் அவளுக்கு வந்து பதில் சொல்லட்டும்.

அதனால் நீ உன் கணக்கிலிருந்து பஸ் டிக்கெட் எடு. அவள் அக்கா இருப்பது நீ படித்த ஊர்தான். மாதக் கடைசி ஞாயிறு, காலை வண்டி, அன்றைக்கு அவன் வெளியூர் வேலையில் இருப்பான். டிக்கெட்டை என் போனுக்கு அனுப்பாதே, அப்பாதான் முதலில் பார்ப்பார். கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண்ணின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்கு அனுப்பு. அப்பாவிடம் நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன், கத்தினால் கத்தட்டும்.

நோய்நொடி இல்லாமல் இரண்டு பேரும் நீடூழி வாழவேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். டிக்கெட் விஷயத்தில் தவறிவிடாதே கண்ணு. போவதற்கு இரண்டு, திரும்பி வர ஒன்று.

உன் அம்மா