யார் தொடங்கியது என்று பேசக்கூடாது

மார்ச் 2, ஞாயிறு

வெயில். காலை எட்டு மணிக்கே கூரைத் தகரம் சூடாகிவிட்டது. கொல்லைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, சரிசெய்கிறேன் என்ற ஆள் இன்றும் வரவில்லை. துணி துவைத்தது: இரண்டு சட்டை, ஒரு சேலை, ஒரு துண்டு. ஒருத்திக்கு இவ்வளவுதான் சேருகிறது.

பத்து மணிக்கு அமுதா வந்தாள், பெண்கள் மன்றத்துச் செயலாளர். சனிக்கிழமை இங்கே ஈப்போவில், புந்தோங் மண்டபத்தில் மகளிர் தினமாம், நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பும் அவளே கொண்டு வந்துவிட்டாள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே பெண்கள் கூட்டிய சமாதான மாநாடு. ஆங்கிலத்தில் அச்செடுத்த பதினாறு பக்கம். முப்பது வருடம் கோர்ட்டில் மொழிபெயர்த்தவருக்கு இது ஒரு வேலையா என்றாள். கோர்ட்டில் நான் பேசியதெல்லாம் அடுத்தவர் பேச்சு, சொந்தமாக ஒரு வார்த்தை பேசினதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். போஸ்டரில் பெயர் போட்டாயிற்றாம்.

குடும்பத்துக்கு முன்வரிசையில் எத்தனை நாற்காலி என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். இரண்டு என்று எழுதிக்கொண்டு போனாள்.

மார்ச் 3, திங்கள்

தொண்டை வலி. உப்புத் தண்ணீர்.

ஒன்பது பக்கம் முடிந்தது. பேச்சுக்கு எடுத்த குறிப்பு:

1915. நெதர்லாந்து. போர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டு நாட்டுப் பெண்கள், ஆயிரத்துக்கு மேல். பலருக்கு ஓட்டுரிமையே கிடையாது.

இங்கிலாந்துப் பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருக்க, அரசாங்கம் கடல் வழியை மூடிவிட்டது. முன்பே வெளிநாட்டில் இருந்த மூன்று பேர் மட்டும் போய்ச் சேர்ந்தார்கள்.

பெல்ஜியத்திலிருந்து ஐந்து பேர். ஜெர்மன் படை அவர்கள் ஊரில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தது ஒரு ஜெர்மன்காரி.

பைத்தியங்கள் என்று ஊர் சிரித்தது. (இங்கே என்றால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றி விடு என்பார்கள். அங்கே என்ன சொன்னார்களோ.)

அப்புறம் ஒரு விதி. மூன்று முறை படித்தேன். இந்தப் போருக்கு யார் பொறுப்பு, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மாநாட்டில் ஒருவரும் பேசக்கூடாது.

எரிச்சல் வந்தது. இதென்ன கூத்து? எத்தனை மணிக்கு, எங்கே, முதலில் கை ஓங்கியது யார், இதைத்தானே நான் முப்பது வருடம் மூன்று மொழியில் மாற்றி மாற்றிச் சொன்னேன். அது தெரியாமல் எதைத் தீர்ப்பது? பேனாவை மூடிவிட்டுக் கருவாடு வறுத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நாலு மணிக்கு இடியோடு மழை. கொடித் துணி நனைந்தது.

மூலை உணவுக்கடை காதர் அண்ணே நோன்புக் கஞ்சி கொண்டு வந்தார். இரண்டு டப்பா. யாராவது வந்தால் இருக்கட்டும் என்றார். யார் வரப்போகிறார்கள்? ஒன்றை ஐந்து மணிக்குக் குடித்தேன், இன்னொன்று நாளைக் காலைக்கு.

அந்த மாநாட்டு விதி மண்டையைக் குடைகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

அம்மா போனது ஒன்பது வருடத்துக்கு முன், தங்கை மல்லிகா வீட்டில், சிம்பாங் பூலாயில். நான் ஜொகூர் கோர்ட்டில் வேலை. காலை ஆறு மணிக்குச் செய்தி. நாலு மணிக்குள் வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்றேன். வந்து சேர்ந்தது மூன்றே முக்காலுக்கு. இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. வாசலில் நின்று, அத்தனை உறவும் பார்க்க, மல்லிகாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். மூச்சு நின்றது எத்தனை மணிக்கு? சீக்கிரம் எடுக்க முடிவு செய்தது யார்? என்னிடம் கேட்டாயா, ஆமாம் என்று சொல், இல்லை என்று சொல். தலைக்கு ஊற்றிய ஈரம்கூடக் காயாமல் நின்றாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள். “மூணு வருஷமா அம்மா படுக்கையில கெடந்தப்ப நீ எங்க இருந்த?”

அதோடு சரி. அவள் மகள் கல்யாணத்துக்குத் தபாலில் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. ஓய்வு பெற்று ஈப்போவுக்குத் திரும்பி நாலு வருடம். காரில் இருபது நிமிடம்தான் அவள் வீடு. நடுவில் கடலெல்லாம் கிடையாது.

ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை? அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா? இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்றுதான் ஒன்பது வருடமாக இருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

காலைச் சந்தை. சாவி கீரை, தவ்ஹூ சோயாக்கட்டி, இரண்டு எலுமிச்சை. மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், யாரோ மாமியார் விவகாரம். “அவங்க பேசலன்னா நீ பேசு லா. வாய்க்கு என்னா வாடகையா கட்டுற?” என்றாள் ஒருத்தி. மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

பகலில் பேச்சை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். சந்தையில் எல்லாம் கைகாட்டியே வாங்கினேன்; நேற்று காதர் அண்ணேயிடம் நன்றி சொன்ன பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். குரல் கரகரத்தது.

மூன்று மணிக்கு மல்லிகாவுக்கு வாட்சாப். நம்பர் மாறவில்லை. நாலு தடவை எழுதி அழித்துக் கடைசியில் போட்டது: “ஞாயிறு பகல் வரலாமா? ஒரு நிபந்தனை. அம்மா போன அன்று நடந்ததை நானும் பேச மாட்டேன், நீயும் பேசாதே. யார் தொடங்கியது என்பதும் வேண்டாம்.”

அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்து தடவை நிமிர்த்திப் பார்த்தேன். நல்ல வேளை, எந்த நீதிபதியும் பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பதில் இல்லை. இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, காலை 6.52க்கு. படித்துவிட்டாள்.

குழாய் ஆள் வந்தான். ஐந்து நிமிட வேலை. தேநீர் போட்டுக் கொடுத்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று அரை மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டேன். பாவம், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

போனைப் பார்த்தது: கணக்கில்லை.

மார்ச் 7, வெள்ளி

மல்லிகாவின் பதில், பத்து மணிக்கு. வணக்கம் இல்லை, சரி என்றும் இல்லை. “மீன் சாப்புடுறியா இன்னும்?”

சாப்பிடுவேன் என்று போட்டேன். அதற்கு ஒரு கட்டைவிரல்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. சேலை தேடுகிறேன் என்று அலமாரியையே கலைத்துவிட்டேன். அறுபத்து நாலு வயதில், பெண் பார்க்க வருகிறார்கள் என்று காத்திருப்பவள் மாதிரி.

மார்ச் 8, சனி

மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கலாம். மைக் கிறீச்சிட்டது. என் இரண்டு நாற்காலியில் யாரோ கைப்பைகளை வைத்திருந்தார்கள்.

பேசினேன். பெல்ஜியப் பெண்கள் மேடையேறிய இடத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள், எனக்கே ஆச்சரியம். மாநாடு முடிந்த பிறகு அந்தப் பெண்கள் குழுவாகப் பிரிந்து இரண்டு பக்கத்து அரசாங்கங்களையும் நேரில் போய்ப் பார்த்ததையும் சொன்னேன். கேள்வி நேரத்தில் பின்வரிசை அம்மா ஒருவர் எழுந்து, அப்படியென்றால் சண்டை நின்றதா என்று கேட்டார். நிற்கவில்லை, மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது என்றேன்.

“அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போனாங்க?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். மொழிபெயர்க்க யாருடைய வார்த்தையும் இல்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நாசி லெமாக் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமுதா மட்டும் நன்றாக இருந்ததென்று கையைப் பிடித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

பதினொன்றரைக்கு சிம்பாங் பூலாய். மலை உடைக்கும் தூசி, அவள் வீட்டு வேலிச் செம்பருத்தியெல்லாம் வெள்ளை.

மல்லிகா கதவைத் திறந்தாள், நடைச் சட்டத்தைப் பிடித்தபடி. போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள், நானே வழியை அடைத்துவிட்டேனே. முடி முழுக்க நரைத்திருக்கிறது. அவள் என்னைவிட நாலு வயது சின்னவள்.

நிபந்தனைப்படி பேசினோம். தூசி, இருமல், பேரன் பள்ளிக்கூடம், தேங்காய் கிடைக்காதது. லூமுட்டில் கடற்படையில் இருக்கும் மருமகன் கொண்டுவந்த தெங்கிரி மீனில் குழம்பு. புளி சற்றுத் தூக்கல், அம்மா வைப்பது போலவே. அதையும் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் விழுங்கினேன்.

இரண்டாம் தடவை சோறு போட்டவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, ஒன்னு இருக்கு. கடைசியில அம்மா ஒன்னப் பத்தி ஒரு வார்த்தை சொன்னிச்சு. ஒம்போது வருஷமா நெஞ்சுலயே வச்சிருக்கேன். ஆனா அதச் சொன்னா அன்னைக்கு நடந்தது அத்தனையும் சொல்லியாவணும். ஏன் எடுத்தோம்ங்கிறதையும். சொல்லவா?”

நான் கேட்டுக்கொண்டிருந்த இரண்டுக்கும் பதில் அங்கே, கையெட்டும் தூரத்தில். நடைச் சட்டத்தின் மேல் அவள் விரல்கள் வெளுக்கும்படி இறுகியிருந்தன. சொல் என்றால் சொல்லிவிடுவாள். நான் ஒரு கேள்வி கேட்பேன், அப்புறம் இன்னொன்று, என்னை எனக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் அந்த வாசலில் போய் நிற்போம், அவள் ஈரத் தலையோடு, நான் பெட்டியோடு.

“வேணாம் மல்லி. பேச்சுன்னா பேச்சுதான். கொழம்பு ஊத்து” என்றேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சத்தமே இல்லை. நானே எழுந்து இரண்டு பேருக்கும் ஊற்றினேன். கிளம்பும்போது அடுத்த ஞாயிறும் வா, நண்டு வாங்கி வைக்கிறேன் என்றாள். வருகிறேன் என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் போவேன், ஒருபோதும் கேட்க மாட்டேன்.

மூன்று மணிக்கு வீடு. செருப்பைக் கழற்றி, சன்னலைத் திறந்து, கூடத்து நடுவில் நின்று, யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டுக் கேட்டேன்.

அம்மா என்ன சொன்னிச்சு மல்லி?