விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

என்னங்க,

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதில் வந்த கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பழுதுபார்க்கும் பழைய தேவாலயத்தில் மணிக்கூண்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருக்கிறது. முன்பு யாரோ அவசரப்பட்டு சிமெண்டை அப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே புதிதாகப் பிளந்துவிட்டது. உங்கள் அக்கா நம்மைச் சமாதானம் செய்துவைத்தாரே, அதே கதை! இம்முறை விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டினேன். சுவர் இன்னும் நகர்ந்தால் அது உடைந்துவிடும்.

பங்குச் சாமியாருக்குப் பொறுமையில்லை. "பேசாம பூசி விட்ருங்களேம்மா!"

"பூசினா மறையும் ஃபாதர், சேராது," என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது.

தினமும் பல் தேய்த்ததும் தேய்க்காததுமாக ஓடிப்போய்ப் பார்ப்பேன். மழைக்காலமே முடிந்துவிட்டது. இடி இடித்தும், மணி அடித்தும், கண்ணாடி அப்படியே இருக்கிறது. சுவர் எப்போதோ நகர்வதை நிறுத்திவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை. நாளை சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைக்கப் போகிறோம்.

நம் வீட்டில் கண்ணாடியை எங்கே ஒட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அக்கா வேண்டாம். சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டு, ஏதாவது உடைகிறதா என்று பார்ப்போம்.

இன்னும் உங்கள்,
வீட்டுக்காரி