பதினேழாவது மாடிக்கு ஒரு கல்

முடிச்சூர்,
14.10.2025

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜாய்சனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் டெபோராவும் கெசியாக்குட்டியும் கோலாலம்பூரில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். நானும் இங்கே நன்றாகவே இருக்கிறேன். சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். ஃபோனில் சாப்பிட்டீங்களாப்பா என்று நீ கேட்கிறாய், சாப்பிட்டேன் என்று நான் சொல்கிறேன், அதற்குள் உனக்கு லிஃப்ட் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தவிர, ஒரு வரைபடமும் இணைத்திருக்கிறேன்.

வீடு வாங்க அந்த ஊர் அரசாங்கத்தின் சம்மதம் வந்துவிட்டது என்று நீ சொன்னதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று எழுத. ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். எதிர்வீட்டு கஸ்தூரிரங்கன் சார் மட்டும், நம்ம காசு கொடுத்து நாம வாங்கற வீட்டுக்கு அவங்க எதுக்கு சார் சம்மதிக்கணும் என்று கேட்டார். வெளிநாட்டுக்காரன் வாங்கினால் அங்கே அப்படித்தான், என் மகன் ஏழு மாதம் காத்திருந்தான் என்றேன். உன்னை வெளிநாட்டுக்காரன் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

அவர் மகள் நித்யஸ்ரீ நாவலூரில் வெளிநாட்டு விசா வேலைகள் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள், உனக்குத் தெரியும். வீடு சொந்தமானாலும் அந்த நாட்டில் இருக்கும் அனுமதி தனி என்றாள். வேலை போய்விட்டால் வீடு இருக்குமாம், நீ இருக்க முடியாதாம். நிஜமா? நிஜமென்றால் யோசித்துத்தானே வாங்குகிறாய்? அதே பெண், உன்னைப் போல வேலை அனுமதியில் இருப்பவர்கள் பெற்றோரையும் கூட வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னாள். இதை ஒரு தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பிளானைத் தாம்பரத்தில் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷம் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவனிடம் ஒரு பிளானைக் கொடுத்துவிட்டு, பார்த்துவிட்டு எடுத்துவைங்கப்பா என்றால் முடியுமா? அளவெடுத்து ஸ்கேல் போட்டு மறுபடி வரைந்தேன். சமையலறை சின்னது, டெபோரா திரும்பினால் முழங்கை இடிக்கும். ஹால் நல்ல வெளிச்சம். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறதே, ஏழடிக்கு ஐந்தேகால் அடி, அதில் சூட்கேஸ்களும் உன் சைக்கிளும் வைக்கப் போவதாகச் சொன்னாய். அதன் சுவரில் மேலே ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. சூட்கேஸுக்கு ஜன்னல் எதற்கு? அந்த அறையில் ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் போட்டுப் பார்த்தேன், தாளில்தான். கதவு உள்பக்கம் திறப்பதால் கட்டிலில் இடிக்கிறது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினால் சரியாகிவிடும். சிவப்பு மையால் குறித்திருக்கிறேன்.

கல் விஷயம். நீ ஃபோனில் அப்படிச் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுப் பிரதிஷ்டை என்றால் வாசலில் பெயர், தேதி, ஜெபித்துத் திறந்துவைக்கும் சபை ஐயரின் பெயர் எல்லாம் பொறித்த கல் இருக்கும், நம் ஜனங்களில் கல் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. நம் வீட்டுக் கல்லில் நீ ஏறி நின்று எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாய். அந்த நினைப்பில், உன்னைக் கேட்காமலே கருப்பு கிரானைட்டில் அடிக்கச் சொல்லிவிட்டேன். பதினோரு கிலோ. வெளிச்சுவர் நம்மது இல்லப்பா, அதுல ஆணிகூட அடிக்க விடமாட்டாங்க என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ சுவர் வரைந்திருக்கிறேன், வீட்டுக்காரனுக்குச் சொந்தமில்லாத வீட்டுச் சுவரை நான் வரைந்ததே இல்லை.

ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அம்மாவின் கல்லறைக்கு எழுதிய அதே சூர்யாதான் இதையும் அடித்தான். உன் பெயர், டெபோரா, கெசியா என்று எழுதிக் கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூணு பேருதானா? கீழ இடம் கீது. உங்க பேரு வேணாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போடப்பா என்று சொல்லிவிட்டேன்.

கல் இப்போது ஹாலில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. பதினேழாவது மாடியில் உன் வீட்டு வாசலில் வைக்க வழியில்லை. இந்த வீட்டில் வைக்கவும் முடியாது, அதில் உள்ள நாலு பேரில் மூன்று பேர் இங்கே இல்லை. யாராவது வந்தால் எழுத்துப் பக்கத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுகிறேன். ஜெபக்கூட்டத்துக்கு வந்த எப்சி டீச்சர், இது அம்மி செய்யவா அண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்தான்.

மழை ஆரம்பித்துவிட்டது. தெருமுனையில் கணுக்கால் தண்ணீர். இரண்டாயிரத்துப் பதினைந்தில் நீ அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ரங்கன் சார் மாடிக்கு ஏறினாயே, ஜன்னல் கம்பிக்குக் கீழே அந்தத் தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது. மூன்று தடவை வெள்ளையடித்தும் தெரிகிறது. இந்த வருஷம் அரிசி டிரம்மை நானே மேலே ஏற்றிவிட்டேன். சிறுசேரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது நீ படுத்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன், திறந்தால் பெருக்கத் தோன்றுகிறது. அம்மா போன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் சத்தமாக ஒரு வார்த்தை பேசினால் எனக்கே திடுக்கென்கிறது. தனியாக இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை, ஜாய்சன். இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பென்சிலில் எழுதியிருந்தால் அழித்திருப்பேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி பிரதிஷ்டையை வீடியோவில் காட்டுகிறேன் என்றாய். நல்லது. ஒவ்வொரு அறையிலும் ஃபோனைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டு. போன தடவை சின்ன அறையைத் தாண்டி வேகமாகப் போய்விட்டாய். பாஸ்போர்ட்டை மே மாதமே புதுப்பித்துவிட்டேன், சும்மா கையில் இருக்கட்டும் என்று.

அந்தக் கதவை மாற்ற முடியுமா என்று மட்டும் கட்டட நிர்வாகத்திடம் கேட்டு எழுது. முடியாது என்றாலும் எழுது.

நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் காப்பாராக. புது வீட்டில் உங்கள் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும். கெசியாவின் நெற்றியில் தாத்தாவுக்காக ஒரு முத்தம் கொடு.

ஜெபத்துடன்,
உன் அப்பா
சுவிசேஷமுத்து

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். கதவை மாற்ற வேண்டியதில்லை. யாரிடமும் கேட்கவும் வேண்டாம். கட்டில் மூன்றடி எதற்கு, இரண்டரை அடி போதும். நான் ஒருக்களித்துத்தான் படுப்பேன்.