ஒரே அளவுப் பந்தயம்

ரீனோ,
வியாழன் காலை

அன்புள்ள ஹாலிஸ்,

அலாஸ்காக் குளிர் உன் முழங்காலை ரொம்பப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தொடங்குகிறேன். இங்கே நானும் நாயும் சௌக்கியம். வெந்நீர்க் கொதிகலன் மறுபடியும் மக்கர் செய்தது. எட்டி ஓர் உதை விட்டேன், ஒழுங்காக ஓடுகிறது.

இன்னும் இரண்டு வருடம் அந்த எண்ணெய் வயலிலேயே இருப்பதாக நீ மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பாய். போனில் நான் கிண்டல் செய்து நழுவிவிடுவேன், உனக்கே தெரியும். எழுதினால் நழுவ முடியாது. ஆனால் முதலில் சீட்டாட்டக் கதையைக் கேள், அது இல்லாமல் மற்றது உனக்குப் புரியாது.

போக்கர் போட்டியில் இறுதி மேசைக்கு வந்துவிட்டேன், ஹாலிஸ்! நாளை நண்பகல் ஆட்டம். நேற்று மதியம் வரை என் நிலைமை பரிதாபம். எனக்கு எதிரே கர்ட் லிண்ட்ஹோம், ஓய்வுபெற்ற சிறைக்காவலர், வாய் ஓயாத மனுஷர். கையில் ஒன்றுமே இல்லாமல், எல்லோரையும் ஆட்டத்தை விட்டு விரட்டிவிடலாம் என்று பந்தயச் சில்லுகளை ஒரு பெரிய குவியலாக நடுவே தள்ளினேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “நோரீன் கண்ணு, ஒண்ணுமில்லாதப்பதான் நீ இப்படி மலை மாதிரி தள்ளுவ. நல்ல சீட்டு வந்தா கொசுறு மாதிரி கொஞ்சூண்டு வெப்ப. காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே அதே அளவுக்குத் தானும் வைத்தார். என் சில்லுகளில் பாதிக்கு மேல் அவர் பக்கம் போய்விட்டது. மேசையே சிரித்தது. காதெல்லாம் எரிந்தது எனக்கு.

எரிச்சல் என்னவென்றால், மனுஷர் சொன்னது அத்தனையும் நிஜம். நல்ல சீட்டு வந்தால், எதிராளி பயந்து ஓடிவிடக் கூடாதே என்று சின்னதாக வைக்கிறேன். வெறுங்கையாக இருந்தால் பெரிதாக வைத்து மிரட்டுகிறேன்.

இடைவேளையில் நடைவழியில் மரிசெல் பிடித்துக்கொண்டாள். என்னோடு சூதாட்ட விடுதியில் சீட்டுக் கலைத்துப் பிரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தாளே, அவள்தான். வாய் நிறைய பரிட்டோ ரொட்டிச் சுருளை வைத்துக்கொண்டு திட்டினாள். “அடியே, உன் மூஞ்சி கல்லு மாதிரிதான் இருக்கு. உன் கைதான் ஊருக்கே தண்டோரா போடுது! ராஜா வந்தாலும் சரி, குப்பை வந்தாலும் சரி, நடுவுல கெடக்கற சில்லுல பாதி அளவு வை. எப்பவும் பாதி. மூணு தடவை நெசமா வெச்சா ஒரு தடவை குப்பையை வெச்சுக்கிட்டு சும்மா வை. சும்மாவே வெக்க மாட்டேன்னு தெரிஞ்சா எவன் உன்கிட்ட மாட்டுவான்?” என்றாள்.

எப்போது சும்மா வைப்பது என்று கேட்டேன். என் மணிக்கட்டைத் தட்டினாள். நீ விட்டுப்போன பழைய கடிகாரம்தான், அதைக் கட்டிக்கொண்டுதான் ஆடுகிறேன். “குப்பை வரும்போது இதைப் பாரு. நொடிமுள்ளு முதல் கால்வட்டத்துல இருந்தா துணிஞ்சு வை. இல்லேன்னா சீட்டைக் கீழ போட்டு விலகிட்டுக் கம்முனு இரு. உன் பயத்தையும் கேக்காத, வீராப்பையும் கேக்காத” என்றாள்.

அப்படியே செய்தேன். ஓர் ஆட்டத்தில் எனக்கு ஒன்றுமே சேரவில்லை, முள் சரியான இடத்தில் இருந்தது, பாதி வைத்தேன். கர்ட் தாடையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மூன்று ராணிகளும் இரண்டு ஏழுகளும் சேர்ந்தன, லேசில் தோற்காத சீட்டு. அந்தப் பழைய ஆசை, ஹாலிஸ், சின்னதாக வை, சின்னதாக வை என்று பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே பாதியை வைத்தேன். “ஏம்மா, இப்ப பேசறது எந்த நோரீன்?” என்று புலம்பியபடி கர்ட் அதே அளவு வைத்து என் சீட்டைப் பார்த்தார். பார்த்தவர் தோற்ற சில்லுகளை என் பக்கம் தள்ளிவிட்டார். நாளை அவரும் மேசையில் இருப்பார், பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று போனில் கேட்டாய். “உன் இஷ்டம்ப்பா, எனக்கென்ன, கட்டில் முழுக்க என்னுதுதான்” என்றேன். நீயும் சிரித்தாய். முதல் தடவை நீ கிளம்பும்போதும் இப்படித்தான், “ஃபோர்க்கும் கரண்டியும் கழுவற வேலை மிச்சம்” என்று ஏதோ உளறினேன். நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொசுறு வைக்கும் அதே புத்தி. பெரிதாகக் கேட்டால் நீ மிரண்டு ஓடிவிடுவாயோ என்ற பயம்தான். நீயும் பாவம், நான் வைத்த அளவைப் பார்த்து, இவளுக்கு ஒன்றும் குறையில்லை என்று முடிவு கட்டியிருப்பாய்.

அதனால் கேள். கையெழுத்துப் போடாதே. எனக்கு நீ வீட்டில் வேண்டும், ஹாலிஸ். கட்டில் பெரிதாக இருக்கிறது, பிடிக்கவில்லை. நாளை ஜெயித்தாலும் தோற்றாலும் இதில் மாற்றமில்லை.

உன் முழங்காலும் மனசும் பத்திரமாக இருக்கட்டும். வந்து சேர்.

உன்
நோரீன்

இது சும்மா வைத்ததில்லை, அதனால் இதை எழுதும்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.